நான்காவது ஹோஸ்டா, 36 ரேம் ஸ்டிக்கா? ஓடிக்கொண்டிருக்கும் விஸ்பியர் கிளஸ்டரைப் பெரிதாக்கும் வழிகள்

மூன்று ஹோஸ்ட் (விஎம்கள் எனும் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் சர்வர்) சேர்ந்த விஎம்வேர் விஸ்பியர் கிளஸ்டரில் மெமரி நெருக்கடி வந்துவிட்டால், "இன்னொரு சர்வர் வாங்கிச் சேர்த்துவிடலாம்" என்றுதான் பெரும்பாலும் முடிவாகிறது. கொட்டேஷன் வாங்குவதற்கு முன் அரைமணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டால் அந்த முடிவு மாறக்கூடும். சேர்ப்பதுதான் சரி என்றாலும், எந்த சர்வரைச் சேர்ப்பது என்பதில் பல லட்ச ரூபாய் வித்தியாசம் வரும்.

பேச வசதியாக ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். மூன்று ஹோஸ்ட். ஒவ்வொன்றிலும் இரண்டு ஜியான் கோல்ட் 6248, அதாவது 2019-இல் வந்த கேஸ்கேட் லேக் தலைமுறை, சிபியுவுக்கு 20 கோர். ரேம் 12 ஸ்டிக், தலா 32 ஜிபி, மொத்தம் 384 ஜிபி. ஸ்டோரேஜ் தனியாக ஃபைபர் சேனல் (எஃப்சி) சானில், அதாவது எல்லா ஹோஸ்டும் பகிரும் சேமிப்பகத்தில், இருக்கிறது. விஎம்கள் எல்லாம் சேர்ந்து 700 ஜிபி மெமரி பிடித்திருக்கின்றன. சிபியு உச்ச நேரத்தில் 45 சதவீதம்.

மொத்த மெமரி 1,152 ஜிபி, 700 தானே ஓடுகிறது என்று பார்த்தால் தாராளமாகத் தெரியும். ஆனால் கிளஸ்டரின் கொள்ளளவைப் பார்க்க, இருப்பதிலேயே பெரிய ஹோஸ்டைக் கழித்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும். ஒரு ஹோஸ்ட் போனால் மிஞ்சுவது 768 ஜிபி. அதில் 700 என்றால் 91 சதவீதம். ஹோஸ்டில் விஎம்களை ஓட்டும் மென்பொருளான இஎஸ்எக்ஸ்ஐ தனக்கு எடுத்துக்கொள்வதையும், ஒவ்வொரு விஎம்முக்கும் ஆகும் ஓவர்ஹெட்டையும் சேர்த்தால் மூச்சுத் திணறும் நிலை. இந்த "மிஞ்சுவது" என்ற எண்தான் இனி வரும் எல்லா ஒப்பீட்டுக்கும் அளவுகோல்.

ஹோஸ்ட் விழுந்தால் அதன் விஎம்களை மற்ற ஹோஸ்டுகளில் ரீஸ்டார்ட் செய்யும் ஹெச்ஏவின் அட்மிஷன் கன்ட்ரோல் (அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கும் பகுதி) பச்சையாகக் காட்டுகிறதே என்று இதில் ஏமாந்துவிட வேண்டாம். அது ரிசர்வேஷனை, அதாவது விஎம்முக்கு உறுதியாக ஒதுக்கிய அளவை, வைத்துக் கணக்கிடுகிறது. ரிசர்வேஷன் போடாத விஎம்முக்கு அது எடுத்துக்கொள்வது வெறும் 32 மெகாஹெர்ட்ஸும் மெமரி ஓவர்ஹெட்டும் மட்டுமே. 64 ஜிபி கொடுத்த டேட்டாபேஸ் விஎம்கூட அந்தக் கணக்கில் சில நூறு எம்பிதான். விஎம்கள் ஆன் ஆகிவிடும், பிறகு பலூனிங்கிலும் (விஎம்மிடமிருந்து மெமரியைத் திரும்பப் பிடுங்குவது) ஸ்வாப்பிலும் (மெமரிக்குப் பதில் டிஸ்கைப் பயன்படுத்துவது) போய் நிற்கும். பயனாளருக்கு அது சர்வர் செத்ததைவிட மோசமாகத் தெரியும்.

ரேம் கூட்டுவது

6248-இல் சிபியுவுக்கு ஆறு மெமரி சேனல். இரண்டு சிபியு, 12 சேனல், சேனலுக்கு ஒரு ஸ்டிக் என்று இப்போது சமமாக நிரம்பியிருக்கிறது. இந்த வகை இரட்டை சாக்கெட் சர்வர்களில் பெரும்பாலும் 24 ஸ்லாட் இருக்கும். அப்படியானால் 12 காலி.

காலி ஸ்லாட்டில் தலா 16 ஜிபி போட்டால் ஹோஸ்டுக்கு 576 ஜிபி. ஒரு ஹோஸ்ட் போனாலும் மிஞ்சுவது 1,152. இதே 384 ஜிபி மாடலில் நான்காவது ஹோஸ்ட் ஒன்றை வாங்கிச் சேர்த்தாலும் மிஞ்சுவது அதே 1,152 தான். அதாவது 36 ரேம் ஸ்டிக், ஒரு முழு சர்வர் செய்யும் வேலையைச் செய்துவிடுகிறது. ரேக்கில் இடம் வேண்டாம், ஸ்விட்ச் போர்ட் வேண்டாம், சான் ஸோனிங் வேண்டாம், புதிய லைசென்ஸ் ஒரு கோருக்குக்கூட வேண்டாம். 16-க்குப் பதில் 32 ஜிபி ஸ்டிக்காகப் போட்டால் மிஞ்சுவது 1,536.

கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஆர்டிம், எல்ஆர்டிம் என்ற இரு வகை ஸ்டிக்கை ஒரே சர்வரில் கலக்க முடியாது, ஆன் ஆகும்போது நடக்கும் போஸ்ட் சோதனையிலேயே நின்றுவிடும். 12 ஸ்லாட்டில் ஆறை மட்டும் நிரப்பிச் சிக்கனம் செய்தால் சேனல்கள் சமமில்லாமல் போய் மெமரியின் வேகம் இறங்கும். சேனலுக்கு இரண்டு ஸ்டிக் ஆனதும் சில போர்டுகள் 2933-இலிருந்து 2666-க்கு இறக்கிவிடும். சாதாரண விஎம் சுமையில் இது தெரியாது. வேலை ஒவ்வொரு ஹோஸ்டாக மெயின்டனன்ஸ் மோடில் (விஎம்களை மற்ற ஹோஸ்டுகளுக்கு நகர்த்திக் காலியாக்குவது) வைத்து நடக்கும். ரேம் போட்ட பிறகு உடனே விஎம்களைத் திருப்பிவிடாமல், ஓர் இரவு முழுக்க மெமரி டெஸ்ட் ஓடவிடுவது நல்லது. கெட்ட ஸ்டிக் வந்தால் அது முதல் சில மணி நேரத்தில் காட்டிக்கொடுக்கும் வாய்ப்பே அதிகம்.

இது போதாத இடங்களும் உண்டு. சிபியு 45 சதவீதம் என்பது மூன்று ஹோஸ்டில்; ஒன்று போனால் 67 ஆகிவிடும். உங்கள் கிளஸ்டரில் அது இப்போதே 60 என்றால் ரேம் கூட்டிப் பயனில்லை, கோர் வேண்டும். இன்னொன்று, ஒரு ஹோஸ்டுக்கு பேட்ச் போட்டுக்கொண்டிருக்கும்போது வேறொன்று செத்தால் என்ன ஆகும் என்ற கணக்கு. 576 ஜிபி ஆக்கிய மூன்று ஹோஸ்டில் அப்போது மிஞ்சுவது ஒன்று, 576 ஜிபி. 700 ஜிபி சுமை அதில் ஏறாது. நான்கு ஹோஸ்ட் இருந்தால் இரண்டு மிஞ்சும், 768 ஜிபி. இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் ஏறிவிடும். 32 ஜிபி ஸ்டிக்காகப் போட்டு 768 ஆக்கினால் மெமரி அளவில் அந்தப் பாதுகாப்பும் கிடைத்துவிடுகிறது, ஆனால் உச்ச நேரச் சிபியு சுமை ஒரே ஹோஸ்டுக்கு அதிகமாகிவிடும். மருத்துவமனை, தொழிற்சாலை என்று நிறுத்தவே முடியாத இடமென்றால் இந்த இரட்டைக் கழித்தலைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள்.

அதே மாடலில் பழைய சர்வர்

புதுப்பித்து விற்கப்படும் பழைய சர்வர் சந்தையில் கேஸ்கேட் லேக் சர்வர்கள் கிடைக்கின்றன. அதே சிபியு, அதே நெட்வொர்க் கார்டு, அதே எஃப்சி கார்டு கிடைத்தால் இதைவிடச் சுலபமான சேர்க்கை இல்லை. வேறு தலைமுறை சிபியுக்களை ஒத்துப்போகச் செய்யும் இவிசி தேவையில்லை, டிரைவர் புதிது இல்லை, நான்கும் ஒரே அளவு என்பதால் எது போனாலும் கணக்கு ஒன்றே.

மாட்டிக்கொள்ளும் இடம் பயோஸ். சிபியு மாடல் ஒன்றாக இருந்தாலும் மைக்ரோகோடு வேறாக இருந்தால், விஎம்முக்குக் காட்டும் சிபியு அம்சங்கள் மாறும். 2018-இல் ஸ்பெக்டர் பேட்ச்கள் வந்தபோது பேட்ச் போட்ட ஹோஸ்டில் ஆன் செய்த விஎம், போடாத ஹோஸ்டுக்கு நகர மறுத்தது இதனால்தான். வாங்கிய சர்வரை முதலில் மற்ற மூன்றின் பயோஸ், கார்டு ஃபர்ம்வேர் பதிப்புக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு இஎஸ்எக்ஸ்ஐ போடுங்கள்.

எத்தனை ஆண்டுக்கு இது தாங்கும் என்பதே உண்மையான கேள்வி. விஸ்பியர் 7-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விஸ்பியர் 8-க்கு 2027 அக்டோபர் வரை. அதற்குமேல் புதிய பதிப்புக்குப் போகும்போது பழைய சிபியு, பழைய ரெய்டு கார்டு ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிட வேண்டும். மற்ற மூன்று சர்வரும் எப்போது கழிகின்றனவோ, இதுவும் அன்றே கழியும் என்று வைத்து விலை பேசுங்கள்.

புதிய தலைமுறை இன்டெல்

பெரும்பாலானோர் போகும் வழி இது. வில்லங்கம் அதிகம் உள்ள வழியும் இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் அளவு. வாங்குவது வாங்குகிறோம், பெரிதாக வாங்கலாம் என்று 1 டிபி ரேமோடு ஒரு சர்வர் எடுத்தால் மொத்தம் 2,176 ஜிபி என்று அறிக்கையில் அழகாக இருக்கும். பெரிய ஹோஸ்டைக் கழித்துப் பாருங்கள்: பழைய மூன்றும் மிஞ்சும், அதே 1,152. கூடுதலாகக் கொடுத்த 640 ஜிபிக்கான பணம் ஹெச்ஏ கணக்கில் ஒரு ஜிபிகூடச் சேர்க்கவில்லை. அதோடு, சுமையைப் பார்த்து விஎம்களைத் தானாகப் பரப்பும் டிஆர்எஸ் அந்தப் பெரிய ஹோஸ்டில் அதிக விஎம்களைக் கொண்டுபோய் வைக்கும். அது விழுந்தால் பாதி நிறுவனம் ஒரே நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகும்.

புதிய தலைமுறைகளில் ஒன்றான சஃபயர் ரேபிட்ஸில் சிபியுவுக்கு எட்டு சேனல், டிடிஆர்5. சமமாக நிரப்ப 16 ஸ்டிக் வேண்டும், 32 ஜிபி வீதம் 512. பழைய 384-க்கு இதுவே பொருத்தமான அளவு. பழைய சர்வரின் டிடிஆர்4 ஸ்டிக் எதுவும் இதில் ஏறாது.

அடுத்து கோர். 2023 நவம்பரில் பிராட்காம் கைக்கு வந்த பிறகு விஎம்வேரில் நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்றுவிட்டது. இப்போது சந்தா, அதுவும் கோர் கணக்கில், சிபியுவுக்குக் குறைந்தது 16 கோர். 12 கோர் சிபியு வாங்கினாலும் 16-க்குக் கட்ட வேண்டும். இப்போது மூன்று ஹோஸ்டுக்கு 120 கோர். நெருக்கடி மெமரியில் என்றால் 16 கோர் சிபியு இரண்டு போட்டால் 32 கோர் கூடும். 32 கோர் சிபியு இரண்டு போட்டால் 64 கூடும். இந்தச் செலவு ஒருமுறையோடு நிற்காது, சந்தா புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வரும். விண்டோஸ் சர்வர் டேட்டாசென்டர் லைசென்ஸும் ஹோஸ்டின் கோரை வைத்துத்தான். கிளஸ்டரில் ஆரக்கிள் டேட்டாபேஸ் ஓடுகிறது என்றால், சர்வர் வாங்கும் முன் லைசென்ஸ் பார்ப்பவரிடம் பேசிவிடுங்கள். விஎம் எங்கே ஓடினாலும் அது போகக்கூடிய எல்லா ஹோஸ்டின் கோரையும் எண்ணுவது ஆரக்கிளின் நிலைப்பாடு.

இனி இவிசி. வேறு தலைமுறை சிபியுக்களுக்கு இடையே விமோஷன் (ஓடும் விஎம்மை நிறுத்தாமல் வேறு ஹோஸ்டுக்கு நகர்த்துவது) நடக்க, எல்லா ஹோஸ்டும் ஒரே அம்சப் பட்டியலை விஎம்முக்குக் காட்ட வேண்டும். இவிசி செய்வது அதைத்தான்: புதிய சிபியுவின் கூடுதல் கட்டளைகளை மறைத்து, கேஸ்கேட் லேக்போல நடந்துகொள்ளச் செய்கிறது. கிளாக் வேகம், கோர் எண்ணிக்கை, கேஷ், மெமரி வேகம் எதையும் அது குறைக்காது. "இவிசி போட்டால் புதிய சர்வர் வேகம் போய்விடும்" என்ற பேச்சுக்கு இந்த அளவில்தான் உண்மை. ஏஎம்எக்ஸ் போன்ற புதிய கட்டளைகளைப் பயன்படுத்தும் மென்பொருள் இருந்தால் மட்டும் இழப்பு.

இவிசியை எப்போது போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புதிய ஹோஸ்டைச் சேர்ப்பதற்கு முன், மூன்றும் கேஸ்கேட் லேக்காக இருக்கும்போதே, கிளஸ்டரில் கேஸ்கேட் லேக் மோடை ஆன் செய்துவிடுங்கள். ஓடும் விஎம்கள் எதுவும் அதற்குமேல் உள்ள அம்சத்தைப் பிடித்திருக்காது என்பதால், எதையும் ஆஃப் செய்யாமல் வேலை முடியும்.

இதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று அருகில் போய்ப் பாருங்கள். இவிசி இல்லாத கிளஸ்டரில் புதிய ஹோஸ்டைச் சேர்க்கிறீர்கள். பழைய ஹோஸ்டிலிருந்து ஒரு விஎம்மை நகர்த்துகிறீர்கள், போகிறது. திருப்பி நகர்த்துகிறீர்கள், வருகிறது. எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டாயிற்று. ஆனால் அந்த விஎம் பழைய ஹோஸ்டில் ஆன் ஆனது. அன்று பார்த்த அம்சப் பட்டியலோடுதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டு மாதம் கழித்து யாரோ அதை ஆஃப் செய்து புதிய ஹோஸ்டில் ஆன் செய்கிறார்கள். அந்த நொடியிலிருந்து அது சஃபயர் ரேபிட்ஸ் விஎம். இலக்கு ஹோஸ்டின் சிபியு பொருந்தவில்லை என்று சொல்லி இனி பழைய ஹோஸ்டுக்குப் போகாது. ஹெச்ஏ செய்யும் ரீஸ்டார்ட்டும் பவர் ஆன்தான் என்பதால், பழைய ஹோஸ்ட் ஒன்று விழுந்த இரவில் புதிய ஹோஸ்டில் எழுந்த விஎம் எல்லாம் அங்கேயே சிக்கிக்கொள்ளும். அடுத்த மாதம் அந்த ஹோஸ்டை மெயின்டனன்ஸ் மோடில் போடும்போது அது பாதியில் நிற்கும். அப்போதுதான் விஷயம் தெரியவரும்.

அந்த நிலைக்கு வந்துவிட்ட பிறகு இவிசி ஆன் செய்ய, சிக்கிய விஎம் ஒவ்வொன்றையும் ஆஃப் செய்ய வேண்டும். உள்ளே போய் ரீபூட் கொடுத்தால் போதாது, பவர் ஆஃப் ஆகி ஆன் ஆக வேண்டும். விஎம்எக்ஸ் ரீபூட் பவர்சைக்கிள் என்ற அட்வான்ஸ்டு செட்டிங்கைப் போட்டுவிட்டால் அடுத்த சாதாரண ரீபூட்டையே அது முழு பவர் சைக்கிளாக மாற்றிக்கொள்ளும். மாதாந்தர விண்டோஸ் அப்டேட்டோடு வேலை முடிந்துவிடும். சிக்கிய விஎம்களில், கிளஸ்டரை நிர்வகிக்கும் விசென்டரே ஒன்று என்றால் கொஞ்சம் சுற்றுவழி: இவிசி ஆன் செய்த காலி கிளஸ்டர் ஒன்றை உருவாக்கி, விஎம் இல்லாத பழைய ஹோஸ்ட் ஒன்றை அதில் சேர்த்து, விசென்டரை ஷட்டவுன் செய்து, அந்த ஹோஸ்டின் வெப் கிளையன்ட் வழியாக அங்கே பதிவு செய்து ஆன் செய்ய வேண்டும்.

எதிர்ப்பக்கச் சிக்கல் ஒன்றும் உண்டு. எம்பிஎக்ஸ் என்ற அம்சம் கேஸ்கேட் லேக்கில் இருக்கிறது, ஐஸ் லேக் முதல் இன்டெல் எடுத்துவிட்டது. பல ஆண்டுகளாக ஆஃப் ஆகாமல் ஓடும் விஎம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் புதிய ஹோஸ்டுக்கு நகராது. இதற்கும் மருந்து ஒரு பவர் சைக்கிள்தான்.

பதிப்புகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய சர்வரின் கார்டுகளுக்கு டிரைவர் விஸ்பியர் 8-இல்தான் இருக்கும், பழையவை 7-இல் ஓடுகின்றன என்றால், முதலில் விசென்டர், பிறகு பழைய மூன்று ஹோஸ்ட், கடைசியில்தான் புதிய ஹோஸ்ட். கொஞ்ச நாள் கலந்து ஓடலாம். அந்த நாட்களில் விஎம் ஹார்ட்வேர் பதிப்பை 20-க்கு ஏற்றிவிட்டால் அந்த விஎம் 7-இல் ஆன் ஆகாது. எல்லா ஹோஸ்டுக்கும் பொதுவான டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்சையும் 8-க்கு ஏற்றாதீர்கள்.

பெரிய விஎம் இருந்தால் நியூமா கணக்கு ஒன்று பாக்கி (ஒரு சிபியுவும் அதற்கு அருகிலுள்ள மெமரியும் சேர்ந்து ஒரு நியூமா நோட்). 24 விசிபியு கொடுத்த விஎம், 32 கோர் சிபியுவில் ஒரே நியூமா நோடில் அடங்கும். பழைய 20 கோர் சிபியுவில் இரண்டாகப் பிரியும். விஎம்மின் அளவை எப்போதும் கிளஸ்டரின் சின்ன ஹோஸ்டுக்குப் பொருந்தத்தான் வைக்க வேண்டும்.

ஏஎம்டி

எபிக் சிபியு நல்ல சிபியு. விலைக்குக் கோர் அதிகம், மெமரி சேனலும் அதிகம். ஆனால் இன்டெலுக்கும் ஏஎம்டிக்கும் இடையே ஓடும் விஎம்மை நகர்த்த முடியாது, இவிசியும் உதவாது. ஆஃப் செய்துதான் நகர்த்தலாம். ஒரே ஓர் எபிக் சர்வர் வாங்கினால் அதற்கு ஜோடி இல்லை. மூன்றாக வாங்கித் தனிக் கிளஸ்டர் அமைத்து, ஒவ்வொரு விஎம்மாக ஓர் இரவுக்குச் சில என்று நகர்த்தி, பழையதை முழுக்கக் கழிப்பதாக இருந்தால் தாராளமாகப் போகலாம்.

எதை எடுப்பது

பழைய சர்வர்கள் இன்னும் இரண்டு ஆண்டுக்குமேல் ஓட வேண்டும், நெருக்கடி மெமரியில் மட்டும் என்றால் 32 ஜிபி ஸ்டிக் 36 வாங்குவதையே பரிந்துரைக்கிறோம். சிபியுவும் சேர்ந்து நெருக்கினால் அதே மாடல் பழைய சர்வர். பழையவற்றை ஓர் ஆண்டுக்குள் மாற்றுவது உறுதி என்றால் மட்டும் புதிய தலைமுறை இன்டெல். அதை நான்காவது ஹோஸ்டாகப் பார்க்காமல், வரப்போகும் கிளஸ்டரின் முதல் ஹோஸ்டாகப் பார்த்து அளவு முடிவு செய்யுங்கள். அப்போது 1 டிபி வாங்குவதிலும் நியாயம் உண்டு. கடைசிப் பழைய ஹோஸ்ட் வெளியேறியதும் இவிசி மோடை ஏற்றிக்கொள்ளலாம், அதற்கு விஎம்களை ஆஃப் செய்ய வேண்டாம்.

விசான் (ஹோஸ்டுகளின் சொந்த டிஸ்குகளையே பொதுச் சேமிப்பகமாக்குவது) வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அதன் பழைய கட்டமைப்பில் மூன்று ஹோஸ்ட் இருக்கும்போது ஒன்று போனால், இழந்த பிரதியை மீண்டும் கட்ட வேறு ஹோஸ்ட் கிடையாது. நான்காவது வந்தால் 60 நிமிடக் காத்திருப்புக்குப் பின் தானாகக் கட்டிக்கொள்ளும். ஆல்ஃபிளாஷ் என்றால் ரெய்டு-5 வைக்கலாம். 100 ஜிபி டேட்டாவுக்கு 200 ஜிபி போன இடத்தில் 133 ஜிபி போதும். அங்கே நான்காவது ஹோஸ்டே சரியான முடிவு, ரேம் அதற்கு மாற்றாகாது.

விஎம்வேருக்கு மாற்றான பிராக்ஸ்மாக்ஸின் கிளஸ்டரில் இன்னொரு பொறி இருக்கிறது. மூன்று நோடில் (ஹோஸ்டில்) கோரம், அதாவது கிளஸ்டர் இயங்கத் தேவையான பெரும்பான்மை, இரண்டு ஓட்டு, நான்கு நோடில் மூன்று. இரண்டிலும் ஒரே ஒரு நோட் இழப்பைத்தான் தாங்கும். நான்காவதைச் சேர்ப்பவர்கள் கூடவே வெளியே ஒரு சின்ன இயந்திரத்தில் கூடுதல் ஓட்டு தரும் கியூடிவைஸ் வைத்துவிட வேண்டும். விஎம்மின் சிபியு வகை "ஹோஸ்ட்" என்று இருந்தால், மேலே இவிசிக்குச் சொன்ன சிக்கல் இங்கேயும் அப்படியே வரும்.

சேர்க்கும் நாள்

சர்வர் எதுவானாலும் இஎஸ்எக்ஸ்ஐ போட்டு முடிக்கும்வரை எஃப்சி கேபிளை மாட்டாதீர்கள். இன்ஸ்டால் திரையில் சானின் லன்கள் (சேமிப்பகத்தின் பகுதிகள்) வரிசையாகத் தெரியும். அவசரத்தில் ஒன்றைத் தேர்ந்தால் விஎம்களின் டிஸ்குகள் இருக்கும், ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாஸ்டோர் போய்விடும். பூட்டுக்கு எஸ்டி கார்டு வேண்டாம், மிரர் செய்த எம்.2 ஜோடி, 32 ஜிபிக்குக் குறையாமல்.

டிஎன்எஸ்ஸில் பெயர் இரு திசையிலும் கிடைக்க வேண்டும், என்டிபி ஓட வேண்டும். லன்களை மற்ற ஹோஸ்டுகளுக்குக் கொடுத்த அதே லன் எண்ணில் கொடுங்கள். என்எஃப்எஸ் என்றால் சர்வர் முகவரியையும் பாதையையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே. ஒரு ஹோஸ்டில் ஐபி, இன்னொன்றில் பெயர் என்று போட்டால் ஒரே டேட்டாஸ்டோர் இரண்டாகத் தெரியும். ஸ்டாண்டர்டு ஸ்விட்ச் வைத்திருந்தால் போர்ட் குரூப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்துகூட மாறக்கூடாது. விமோஷன் நெட்வொர்க்கில் ஜம்போ ஃபிரேம் என்றால் விஎம்கேபிங்கில் துண்டாக்காமல் 8972 பைட் அனுப்பிப் பாருங்கள். 9000-இல் ஐபி, ஐசிஎம்பி தலைப்புக்கு 28 போக மிச்சம் அது. சின்ன பிங் போய் இது நின்றால் ஸ்விட்ச் போர்ட்டின் எம்டியு மாற்றப்படவில்லை என்று அர்த்தம். விமோஷன் தொடங்கிப் பாதியில் தொங்கும்.

ஹோஸ்டை மெயின்டனன்ஸ் மோடில் வைத்தே கிளஸ்டரில் சேருங்கள். அந்த மோடிலிருந்து வெளியே எடுத்த கணமே டிஆர்எஸ் விஎம்களை அனுப்பத் தொடங்கும் என்பதால் முதலில் டிஆர்எஸ்ஸை மேனுவலுக்கு மாற்றிவிட்டு எடுங்கள். சோதனை விஎம் ஒன்றைப் புதிய ஹோஸ்டுக்கு நகர்த்துங்கள். அங்கே அதை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். பிறகு பழைய மூன்று ஹோஸ்டுக்கும் ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். நடுவில் உள்ள அந்த ஆஃப்-ஆன் இல்லாத சோதனை, சோதனையே இல்லை.

ஒரு வாரம் ஓடிய பிறகு, சுமை உள்ள வேலை நாளொன்றில், கிளஸ்டரின் பெரிய ஹோஸ்டை மெயின்டனன்ஸ் மோடில் போடுங்கள். எல்லா விஎம்மும் நகர்ந்ததா, மற்ற ஹோஸ்டுகளில் பலூன், ஸ்வாப் இரண்டும் பூஜ்யத்திலேயே நிற்கின்றனவா என்று ஒரு மணி நேரம் பாருங்கள். பலூன் ஏறினால், மிஞ்சும் மெமரிக்காகக் காகிதத்தில் போட்ட எண்ணில் எங்கோ தவறு. அடுத்த விஎம் கேட்டு வருபவருக்கு இடம் தருவதற்கு முன் அதைக் கண்டுபிடித்துவிடுங்கள்.